பத்துக் குன்றிமணி

லோரெய்ன் குரல் அனுப்புகிறாள்
நியூசிலாந்திலிருந்து, அவளுடைய இரவு பத்துக்கு.
இங்கே மூன்றரை மணி. கத்திரி வெயில்.
தண்டையார்பேட்டை மார்க்கெட் பின்சந்தில்
தேசம்மாவின் மீன் தராசைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.
உப்பு தின்ற ஸ்பிரிங். செதில் ஒட்டிய தட்டு.

"யோவ் தராசு, நீயே சொல்லு.
டூ செவன்ட்டியா, த்ரீ நாட் எய்ட்டா?"

பஸ் நம்பர் என்று நினைத்தேன்.
தோட்டாவாம் இரண்டும்.
பனிமலையில் நிற்கும் ஆட்டைச் சுட
மூன்று கிலோவுக்குள் ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறாள்.
கடைக்காரன் ஒன்றைச் சொல்கிறான், புருஷன் மற்றதை.
"நீதான் எடை போடறவன். பொய் சொல்ல மாட்டே."

நான் போடுவதில்லை,
போடுவது சரியா என்று பார்க்கிறவன்.
அதைச் சொல்லாமல்
குண்டு என்ன எடை என்றேன்.

நூற்று முப்பது கிரெய்ன். நூற்றைம்பது கிரெய்ன்.
கிராமுக்கு மாற்றி
வண்ணாரப்பேட்டை அடகுக்கடையின் பொன் தராசில்
சில்லறை எடைகளை அடுக்கினேன்.
எட்டு புள்ளி நாலு. ஒன்பது புள்ளி ஏழு.
சவரனுக்குச் சற்று மேலே இரண்டும்.
இடையில் பத்துக் குன்றிமணி:
ஒரு மூக்குத்தி, திருகாணியோடு.
ஃபேனை நிறுத்திய பிறகும் முள் ஆடியது.
ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரி.

சின்னது வேகமாம். தூரம் போயும் தாழாதாம்.
மற்றது கட்டைத் தோட்டா,
அதற்கான துப்பாக்கியும் கொஞ்சம் குட்டை,
நூறு கிராம் மிச்சம்.
மலை ஏறுகிறவளுக்கு அது இரண்டு முட்டை.
முந்நூறு கஜத்தில் வித்தியாசம்
இரண்டு விரற்கடை.

"உதை?"
"ரெண்டும் ஒண்ணுதான்யா. துப்பாக்கி லேசானா
உதை கனமாயிடும்."

ஐ.சி.எஃப் மைதானத்தில் அவள் வலது தோள் போன அன்று
கோல்கம்பத்துக்குப் பின்னால்
நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.
பொட்டலம் கசங்கியது போலத்தான் கேட்டது எலும்பு.
ஸ்டிக்கை விடாமல் ஓடினாள், பத்தடி.

ஆட்டின் படம் அனுப்பினாள்.
வளைந்த கொம்பு, காற்றில் பிடரி.
மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறதே,
மாநில விலங்கு, வரையாடு!
"அது இல்ல இது. இமயமலை ஜாதி.
நூறு வருஷம் முன்னாடி கப்பல்ல கொண்டாந்து விட்டானுங்க.
மலைப் புல்லையெல்லாம் மேய்ஞ்சிடுது."
"இங்க தொட்டா ஜெயிலு."
"இங்க விட்டா திட்டு."

இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி.
தேய்ந்து குறைந்தால் அதில் ஈயம் நிரப்புவோம்.
அரசு முத்திரை அந்த ஈயத்தில்தான் விழும்.
குண்டுக்குள்ளும் ஈயமாம்.
எனக்குப் பழகிய ஈயம்
விழுந்த இடத்தில் கிடக்கும்.

கடைசியில் சொன்னேன்:
"ரெண்டுலயும் நாப்பது நாப்பது பேப்பர்ல சுடு.
எதுக்குக் கண்ணை மூடறியோ
அதை வாங்காதே."

மூன்று நாள் பேச்சில்லை.
பிறகு ஒரு வரி:
"ஊர்க் கடையில த்ரீ நாட் எய்ட் மட்டும்தான் ஸ்டாக்."

ஜூனில் ஒரு படம். ஆடு இல்லை அதில்.
அவள் தோள் மட்டும்.
ஸ்டாம்ப் பேடு ஊதாவில் ஒரு வட்டம்.
'ஒரே வெடி. இருபத்திரண்டு கிலோ கறி.
இறக்குறதுக்குள்ள உயிர் போச்சு.'
யாருடையது என்று கேட்க
விரல் போய்த் திரும்பியது.

வீட்டுப்பாடத்திலிருந்து மகள் தலை தூக்கினாள்:
"வரையாடு எத்தனை கிலோப்பா இருக்கும்?"

வாசலில் தேசம்மா, அதே தராசோடு.
ஐம்பது கிராம் கூடக் காட்டுகிறதாம்.
"யார் சொன்னது?"
"வாங்குறவங்கதான்."
போனைக் கவிழ்த்துவிட்டு
திருப்புளியைத் தேடினேன்.